யாரிடம் பேசுவது? குடியிலிருந்து மீள ஒரு கூட்டத்தைத் தொடங்கிய பில் வில்சனின் கதை

மனசு சரியில்லை. யாரிடமாவது பேசணும்போல இருக்கு. வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள். ஆபீஸில் சொன்னால் பெயர் கெட்டுப்போகும். நண்பர்களிடம் சொன்னால் ஆளுக்கொரு அட்வைஸ். அப்போ யாரிடம்தான் பேசுவது?

1935-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில் ஒரு மனிதர் இதே கேள்வியோடு நின்றார். அவர் பெயர் பில் வில்சன். அன்று அவர் செய்த சில போன் கால்களிலிருந்துதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்ற அமைப்பு பிறந்தது. தமிழ்நாடு உட்பட உலகம் முழுக்க அதன் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. இன்று நாம் சப்போர்ட் குரூப் என்று சொல்கிற விஷயத்துக்கு உலக அளவில் முக்கியமான முன்மாதிரி அது.

யார் இந்த பில் வில்சன்?

1895 நவம்பர் 26-ல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டார்செட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். முழுப்பெயர் வில்லியம் கிரிஃபித் வில்சன். பத்து வயது வாக்கில் அப்பா, அம்மா பிரிந்துவிட்டார்கள். அப்பா வேலை தேடி எங்கேயோ போனார். அம்மா மருத்துவம் படிக்க பாஸ்டன் போனார். பில்லும் தங்கையும் வளர்ந்தது அம்மா வழித் தாத்தா, பாட்டி வீட்டில்.

ஒருநாள் தாத்தா, ஆஸ்திரேலியாக்காரர்களைத் தவிர வேறு யாராலும் பூமராங் செய்ய முடியாது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். சாப்பாடு, படிப்பு எல்லாம் இரண்டாம்பட்சம். மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கி, எறிந்தால் திரும்பி வருகிற பூமராங்கைச் செய்தே காட்டினான். எதிலும் முதல் ஆளாக வந்தே ஆகணும் என்கிற வெறி அப்போதே இருந்தது. விட்டுப்போன பெற்றோருக்குத் தன்னை நிரூபிக்கிற முயற்சி என்று இதைப் பார்ப்பவர்களும் உண்டு.

1912-ல் அவர் காதலித்த பள்ளித்தோழி ஓர் அறுவைசிகிச்சைக்குப் பிறகு திடீரென இறந்துபோனார். பில் சுருண்டுவிட்டார். படிப்பில் கவனம் போனது, மாதக்கணக்கில் மனச்சோர்வு. அந்தக் காலத்தில் பதின்வயதுப் பையனின் துக்கத்தை உட்கார்ந்து கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

குடி எப்படி உள்ளே வந்தது?

1917. முதல் உலகப்போர் நேரம். 21 வயது ராணுவ அதிகாரியாக ஒரு விருந்துக்குப் போனார். கூச்ச சுபாவம். பணக்காரர்களுக்கு நடுவில் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றவரின் கையில் ஒரு கோப்பை வந்தது. உள்ளே போனதும் கூச்சம் பறந்துபோனது. எல்லோரும் சொந்தக்காரர்கள் மாதிரி தெரிந்தார்கள். பல வருஷமாக வலித்த ஒன்றுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

1918 ஜனவரி 24-ல் லோயிஸ் பர்ன்ஹாமைத் திருமணம் செய்தார். போர் முடிந்து வந்ததும் நியூயார்க் பங்குச்சந்தை. 1925-ல் மனைவியுடன் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கம்பெனிகளை நேரில் பார்த்து எது தேறும் என்று ரிப்போர்ட் எழுதினார். கம்பெனிகளை நேரில் ஆராய்ந்து முதலீடு செய்வது அப்போது அபூர்வம். பணம் கொட்டியது. குடியும் கூடவே ஏறியது.

1929-ல் சந்தை சரிந்தது. எல்லாம் போனது. புரூக்ளினில் மாமனார் வீட்டில் தங்க வேண்டிய நிலை. லோயிஸ் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கினார். இனி தொடமாட்டேன் என்று குடும்ப பைபிளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் பில். ஒரு முறை அல்ல, பல முறை. ஒவ்வொரு முறையும் எழுதும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனா ஒவ்வொரு முறையும் அது பொய்யாகிப் போனது.

டாக்டர் சொன்னது என்ன?

1933-34-ல் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் பல முறை சேர்க்கப்பட்டார். அங்கே டாக்டர் வில்லியம் சில்க்வொர்த், குடி என்பது ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்று விளக்கினார். பில்லுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. தனக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டுக்கு வந்தார்.

கொஞ்ச நாளில் மறுபடியும் குடித்தார். நமக்கு என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்வதும், அதிலிருந்து வெளியே வருவதும் வேறு வேறு. இன்று இன்டர்நெட்டில் தன் பிரச்சினையைப் பற்றி எல்லாம் படித்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது புரியும்.

1934 நவம்பரில் பழைய குடி நண்பர் எபி தாச்சர் வீட்டுக்கு வந்தார். பில் பாட்டிலை நீட்டினார். நண்பர் வேண்டாம் என்றார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற ஆன்மிக இயக்கத்தில் சேர்ந்ததையும், குடியை நிறுத்தியதையும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சொன்னார். பில்லைத் திருத்த முயற்சி செய்யவில்லை, தன் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் சொன்னதையெல்லாம் தட்டிவிட்ட பில்லால் அதைத் தட்டிவிட முடியவில்லை.

டிசம்பர் 11-ல் பில் கடைசி முறையாக மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே பெரும் வெளிச்சத்தை உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். மருந்துகளின் விளைவாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் அதைக் கடவுள் அனுபவமாக எடுத்துக்கொண்டார். எப்படியோ, அதன் பிறகு சாகும்வரை அவர் குடிக்கவில்லை.

ஆக்ரனில் நடந்தது என்ன?

வெளியே வந்தவர், ஊரில் இருக்கிற குடிநோயாளிகளை எல்லாம் திருத்தக் கிளம்பினார். ஆறு மாதம் ஓடியது. ஒருத்தர்கூடத் திருந்தவில்லை. கடவுளைப் பற்றிப் பிரசங்கம் செய்வதை நிறுத்துங்கள், முதலில் நோயைப் பற்றிச் சொல்லுங்கள் என்று டாக்டர் சில்க்வொர்த் அறிவுரை சொன்னார்.

1935 மே. ஒரு கம்பெனியைக் கைப்பற்றும் தொழில் முயற்சிக்காக ஆக்ரன் போனார் பில். அது தோற்றுப்போனது. கையில் பத்து டாலர் அளவுக்குத்தான் இருந்தது. தங்கியிருந்த ஹோட்டலின் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கால் அந்தப் பக்கம் இழுத்தது.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஆறு மாதத்தில் அவர் யாரையும் காப்பாற்றவில்லைதான். ஆனா இன்னொரு குடிநோயாளியோடு பேசிக்கொண்டிருந்த அந்த ஆறு மாதமும் அவர் குடிக்கவில்லையே! அப்படியென்றால் இப்போது தேவை இன்னொரு குடிநோயாளி. அவரைக் காப்பாற்ற அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள.

பாருக்குப் போகாமல் போன் பக்கம் போனார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராக அழைத்து, கடைசியில் ஹென்ரியட்டா சீபர்லிங் என்ற பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. குடியை விட முடியாமல் தவிக்கும் ஒரு டாக்டரை அவருக்குத் தெரியும்.

மறுநாள், மே 12. அந்த டாக்டரின் பெயர் பாப் ஸ்மித், அறுவைசிகிச்சை நிபுணர். ஹேங்ஓவரோடு வந்தவர், 15 நிமிஷம்தான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். டாக்டர் பாப்புக்கு அட்வைஸ் புதிதில்லை. அவரும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் கூட்டங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தவர்தான். ஆனா எதிரில் உட்கார்ந்து, நான் உங்களுக்கு உதவ வரவில்லை, எனக்கு நீங்கள் வேண்டும் என்கிற மாதிரிப் பேசிய முதல் ஆள் பில்தான்.

நடுவில் ஒரு முறை சறுக்கி, 1935 ஜூன் 10-ல் கடைசியாகக் குடித்தார் டாக்டர் பாப். அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. பிறகு இருவரும் மருத்துவமனையில் கிடந்த ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் கிடைத்தார்.

கூட்டம் எப்படி வளர்ந்தது?

1939-ல் அமைப்பின் பெயரிலேயே புத்தகம் வந்தபோது சுமார் நூறு பேர் மீண்டிருந்தார்கள். அதே வருஷம் பில், லோயிஸ் இருந்த வீடு கடனுக்குப் போனது. இரண்டு வருஷம் நண்பர்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கினார்கள். 1941 மார்ச்சில் ஒரு பிரபல வார இதழில் வந்த கட்டுரை நிலைமையை மாற்றியது. சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர்கள், வருஷக் கடைசியில் 8,000 ஆனார்கள்.

கோடீஸ்வரர் ராக்பெல்லரிடம் நிதி கேட்டபோது, பெரிய பணம் இதைக் கெடுத்துவிடும் என்று அவர் சின்னத் தொகையோடு நிறுத்திக்கொண்டார். பில்லுக்கு அப்போது ஏமாற்றம். பின்னாளில் அதுவே அமைப்பின் கொள்கையானது. கட்டணம் கிடையாது. வெளியாரிடம் நன்கொடை கிடையாது. தலைவர் என்று யாரும் உத்தரவு போட முடியாது. முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தணும் என்ற ஆசை.

முதல் ஆளாக வந்தே ஆகணும் என்ற அந்தப் பூமராங் பையனுக்கு இது சுலபமாக இருந்திருக்காது. ஆனா யேல் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். 1955-ல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் அமைப்பின் பொறுப்பை உறுப்பினர்களிடமே ஒப்படைத்தார்.

குடி நின்றது, மனசு சரியானதா?

இல்லை. பில்லின் கதையில் பலருக்கும் தெரியாத பகுதி இது. 1944 தொடங்கி சுமார் பதினோரு வருஷம் கடுமையான மனச்சோர்வு அவரை விட்டுவிட்டுத் தாக்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழிகாட்டியவர், சில நாட்களில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தார்.

என்ன செய்தார்? டாக்டர் ஹாரி டீபோ என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போனார். கூட்டத்திலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. நம் வழிமுறையே போதாதா என்று கேட்டார்கள். பில் கேட்கவில்லை. குடிக்குக் கூட்டம் உதவியது, மனச்சோர்வுக்கு டாக்டர் தேவைப்பட்டார். ஒன்று இன்னொன்றுக்கு எதிரி இல்லை.

1958-ல் உறுப்பினர்களுக்கான பத்திரிகையில் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். மற்றவர்களின் பாராட்டையும் அங்கீகாரத்தையும் நம்பியே வாழ்ந்ததுதான் தன் சோர்வுக்கு வேர் என்று அதில் ஒப்புக்கொண்டார்.

லோயிஸின் கதையும் இதில் சேரும். கணவர் குடியை நிறுத்திய பிறகு, கூட்டத்துக்கு நேரமாச்சு என்று அவர் அவசரப்படுத்த, லோயிஸ் காலணியைக் கழற்றி அவர்மேல் எறிந்தார். பிறகுதான் தனக்குள் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று அவருக்கே புரிந்தது. குடும்பத்தினருக்கும் கூட்டம் தேவை என்று உணர்ந்து, 1951-ல் அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார்.

பில் புனிதர் இல்லை. திருமணத்துக்கு வெளியே உறவுகள் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1950-களில் மருத்துவர்களின் மேற்பார்வையில் எல்.எஸ்.டி. எடுத்துப் பார்த்து, சக உறுப்பினர்களின் அதிருப்தியைச் சம்பாதித்தார். சிகரெட்டை நீண்ட காலம் விடமுடியவில்லை. நுரையீரல் நோய் முற்றி, 1971 ஜனவரி 24-ல், தங்கள் 53-வது திருமண நாளன்று இறந்தார். அதன் பிறகுதான் செய்தித்தாள்கள் அவர் முழுப்பெயரை வெளியிட்டன. சொந்த ஊரில் உள்ள அவர் கல்லறையில் ஏ.ஏ. என்ற சொல்லே இல்லை.

இந்த முறை உண்மையிலேயே வேலை செய்யுமா?

2020-ல் காக்ரேன் அமைப்பு, பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை முழுதாக நிறுத்தி அப்படியே இருப்பதில், ஏ.ஏ. வழிமுறை மற்ற சிகிச்சைகளுக்கு இணையாகவோ, சிலவற்றைவிட மேலாகவோ இருந்தது. எல்லோருக்கும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. அதன் ஆன்மிக மொழி ஒத்துவராதவர்களும் உண்டு.

நமக்கு ஒரு கூட்டம் தேவை என்றால்?

இந்தியாவில் 1957-லிருந்து ஏ.ஏ. இயங்குகிறது. குடி மட்டுமல்ல, துக்கம், பதற்றம், குடும்பத்தில் ஒருவரின் மனநோய் என்று எந்தக் கூட்டத்தைத் தேடினாலும் சில விஷயங்களைக் கவனிக்கலாம். அங்கே பேசுகிறவர் அதே வலியைக் கடந்தவரா? பேசியது வெளியே போகாதா? வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்க விடுவார்களா? டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள். ஆக்ரனில் பில்லுக்கும் முதல் போனிலேயே ஆள் கிடைத்துவிடவில்லை.

தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். எனவே முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.