கொண்டைக்கடலை அளவு சுரப்பிக்கு ஒரு வாழ்நாள்
(விஞ்ஞானி சோ ஹாவ் லீ)

மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு ஹார்மோன் பற்றி எழுத என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

நம் மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பெயர் பிட்யூட்டரி. எடை அரை கிராம் அளவுதான். ஆனால் உடம்பு வளர்வது, தைராய்டும் அட்ரினலும் வேலை செய்வது, குழந்தைப்பேறு, தாய்ப்பால் என்று பலவற்றுக்கும் ஆர்டர் இங்கிருந்துதான் போகிறது. நம்ம ஊர் கம்பெனியில் ஒரு லைனையே ஓட்டுகிற சூப்பர்வைசர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆர்டரைக் கொண்டுபோகிற ஹார்மோன்கள் எல்லாம் சுரப்பிக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். அதைத் தனித்தனியாகப் பிரித்தால்தான் எது என்ன செய்கிறது என்று தெரியும். இந்த வேலையில் ஏறக்குறைய 50 வருடம் உட்கார்ந்தவர்தான் சோ ஹாவ் லீ.

1913இல் சீனாவின் காண்டன் நகரில் பிறந்தார். நான்ஜிங்கில் வேதியியல் பட்டம் வாங்கி, 1935இல் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் படித்த கல்லூரியின் பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. சேர்க்கத் தயங்கினார்கள். அவர் எழுதியிருந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பார்த்த பிறகுதான், சோதனை அடிப்படையில் இடம் கொடுத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் அவரும் ஒரு ட்ரெயினி! 1938இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே ஹெர்பர்ட் எவன்ஸ் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஆட்டின் சுரப்பியிலிருந்து 1940இல் எல்.எச்., 1943இல் ஏ.சி.டி.எச்., 1944இல் மாட்டின் வளர்ச்சி ஹார்மோன், 1949இல் எஃப்.எஸ்.எச். கசாப்புக் கூடங்களிலிருந்து சுரப்பிகளை வாங்கி, அரைத்து, உப்புக் கரைசலில் படிய வைத்து, வடிகட்டி, மறுபடி கரைத்து... நம்ம ஃபினிஷிங் வேலை மாதிரி, கலப்படம் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யணும். மாட்டு வளர்ச்சி ஹார்மோன் மனிதருக்கு வேலை செய்யவில்லை. எனவே 1956இல் மனித வளர்ச்சி ஹார்மோனையே பிரித்தெடுத்தார். அந்த ஹார்மோன் குறைவால் உயரம் வளராத குழந்தைகளுக்குச் சிகிச்சை பிறக்க இதுவும் வழி செய்தது.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். 1966இல் அந்த ஹார்மோனின் அமைப்பை, 188 அமினோ அமிலங்கள் என்று, வெளியிட்டார். அதை வைத்து 1970-71இல் செயற்கையாகவும் தயாரித்தார். உலகமே பாராட்டியது. ஆனால் 1971இல் பாஸ்டனில் ஹியூ நயால் என்பவர் அந்த வரிசையில் பிழை இருப்பதைக் காட்டினார். டிராயிங்கே தப்பு என்றால் பார்ட் எப்படி சரியாக வரும்? லீ மழுப்பவில்லை. தன் ஆய்வகத்திலேயே மறுபடி சோதித்து, அதே ஆண்டு திருத்தம் வெளியிட்டார். இன்று ஏற்கப்பட்ட எண்ணிக்கை 191.

இன்னொரு சம்பவம் ஒட்டகத்தைப் பற்றியது. கொழுப்பைக் கரைக்கும் என்று அவர் நினைத்த ஒரு பொருளைத் தேடி, ஒட்டகச் சுரப்பிகளை ஈராக்கிய மாணவர் ஒருவர் மூலம் வரவழைத்தார். தேடியது கிடைக்கவில்லை. 31 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டுதான் கிடைத்தது. தூக்கி எறியாமல் எடுத்து வைத்தார். 1975இல் ஸ்காட்லாந்தில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும் மூளையே சுரக்கும் வலிநிவாரணி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஐந்து அமினோ அமிலங்கள் லீயின் துண்டின் முனையில் அப்படியே இருந்தன! 1976இல் பீட்டா எண்டார்பின் என்ற பெயரில் அது வெளிவந்தது. மார்பின் போல வலியைக் குறைக்கும் பொருள் அது. ரிஜெக்ட் என்று ஒதுக்கியது கடைசியில் மாஸ்டர் பீஸ் ஆனது.

நம் நாட்டுக்கும் அவரோடு தொடர்பு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இனப்பெருக்க ஹார்மோன் ஆய்வை வளர்த்த என்.ஆர். மௌட்கல், லீயோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர்.

1962இல் லாஸ்கர் விருது பெற்ற லீக்கு நோபல் பரிசு மட்டும் கிட்டவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதி, 1987 நவம்பர் 28இல் காலமானார். அதற்குள் மனித வளர்ச்சி ஹார்மோனை பாக்டீரியா மூலம் தயாரிக்கும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. 1985இல் அமெரிக்கா அந்த மருந்தை அனுமதித்தது. இறந்தவர்களின் சுரப்பியை நம்பியிருந்த நிலை மாறியது.

நண்பர்களே, டிப்ளமா முடித்து ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ கேட்டைத் தாண்டும்போது, எந்த காலேஜ் என்று கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஒரு வருடம் ட்ரெயினி, அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். அந்தக் கேள்விக்கு லீ வாயால் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த வேலையைச் சுத்தமாகச் செய்தார். தப்பு வந்தால் திருத்தினார். உதவாது என்று தோன்றியதையும் பத்திரமாக வைத்தார். நாமும் செய்யலாமே!