கொன்வென்ற் மாணவியாக இருந்து பிரதமரானவர்

இந்த நூற்றாண்டு மலரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவைப் பற்றி எழுதுவதா என்று எங்களுக்குள் சிறிய வாதமே நடந்தது. அவர் எமது கல்லூரியிற் படித்தவர் அல்லர். ஆனாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெள்ளைச் சீருடை அணிந்து பஸ்ஸுக்கு நின்ற எங்களின் படிப்பையும் எதிர்காலத்தையும் அவரைப்போல் மாற்றியவர் வேறொருவர் இல்லை. ஆகவே எழுதுகிறோம்.

1916 ஏப்ரல் 17 ஆம் திகதி, இரத்தினபுரி மாவட்டத்தின் பெருங்குடும்பமொன்றில் ஆறு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் பாண்ஸ் ரத்வத்த. பௌத்த வீட்டுப் பிள்ளையான அவரைக் கொழும்பு சென். பிறிஜெற்ஸ் கொன்வென்றில் கத்தோலிக்கக் கன்னியரிடம் விடுதி மாணவியாகச் சேர்த்தார்கள். அக்கால விடுதி வாழ்க்கையை அறிந்த எங்களின் மூத்தவர்களுக்கு அந்த ஒழுங்கும் கட்டுப்பாடும் விளங்கும்.

1940 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவை மணந்தார். மறு ஆண்டு லங்கா மகிளா சமித்தியிற் சேர்ந்து கிராமம் கிராமமாகச் சென்று பெண்களிடையே வேலை செய்தார். பின்னாளில் அவரை அடுப்படியிலிருந்து வந்தவர் என்று ஏளனம் செய்தவர்கள் இந்த ஆண்டுகளை மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறோம்.

1959 செப்ரெம்பரில் றொஸ்மீட் பிளேஸ் வீட்டிலேயே கணவர் பிக்கு ஒருவரால் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். மூன்று பிள்ளைகளுடன் நின்ற கைம்பெண்ணைக் கட்சி அழைத்தது. 1960 யூலைத் தேர்தலில் அவர் போட்டியிடவேயில்லை. பிரசாரம் மட்டுமே செய்தார். சிறீ லங்கா சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது. யூலை 21 ஆம் திகதி பிரதமராகிப் பின்னர் செனற் சபை வழியாகப் பாராளுமன்றம் புகுந்தார். உலகில் எந்த நாட்டிலும் அதற்கு முன் ஒரு பெண் பிரதமராக இருந்ததில்லை. இந்திரா காந்தி அப்பதவிக்கு வந்தது 1966 இல். கோல்டா மேயர் 1969 இல். (அவரை நாட்டுத் தலைவி என்று சிலர் எழுதுவது சரியன்று. 1972 வரை அந்த இடம் இங்கிலாந்து மகாராணிக்கே உரியது.)

பெண்பிள்ளைகளாக நாங்கள் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1960 இன் இறுதியில், கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டிடங்களுக்குள்ளேயே இரவு பகலாகத் தங்கியிருந்து எதிர்த்தனர். கொன்வென்றிற் படித்தவரின் அரசே இதைச் செய்ததைக் கொட்டாஞ்சேனைத் தாய்மார் நெடுங்காலம் மறக்கவில்லை. 1961 சனவரி முதலாந் திகதி சிங்களம் மட்டும் நிர்வாக மொழியாக நடைமுறைக்கு வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது, பெண்களும் அமர்ந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்தன. எங்களின் தகப்பன்மார் பலர் அரசாங்க ஊழியர். சிங்களப் பரீட்சைக்காக நடுவயதில் இரவு விளக்கில் எழுத்துக்கூட்டிப் படித்த அவர்களை நாங்கள் கண்டோம்.

1964 இல் சாஸ்திரியுடன் செய்த ஒப்பந்தம் மலையகத்தில் வாழ்ந்த 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விடயம் பின்போடப்பட்டது. அவர்களிடம் ஒருவரும் விருப்பம் கேட்கவில்லை.

1970 இல் மீண்டும் வந்த ஆட்சியே எங்களை நேரடியாகத் தொட்டது. தரப்படுத்தலின்படி, தமிழ் மொழிமூலம் எழுதியவர்கள் மருத்துவம், பொறியியல் பீடங்களுக்குச் சிங்கள மொழிமூல மாணவர்களைவிடக் கூடிய புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. டொக்டராகும் கனவோடு விலங்கியல் ஆய்வுகூடத்தில் தவளையை வெட்டிய எத்தனையோ பேர் வேறு வேலைகளுக்குப் போனோம், அல்லது கப்பலேறினோம். இன்று இம்மலரை மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் நீங்கள் கையில் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1972 இல் நாடு குடியரசானது. சிறுபான்மையினருக்குப் பழைய யாப்பு தந்த காப்பு அதில் இல்லை. அதே ஆண்டின் காணிச் சீர்திருத்தம் ஒருவருக்கு 50 ஏக்கர் என எல்லை வகுத்தபோது அவருடைய சொந்தக் குடும்பமும் நிலம் இழந்தது என்பதையும் சொல்லவேண்டும். விடியுமுன் பாண் கியூவில் நின்றதும் மரவள்ளிக்கிழங்கு அவித்ததும் எங்கள் வீடுகளில் இன்றும் கதைதான். ஆனால் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் கையில் காசு புழங்கியதை ஊருக்குப் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டோம். 1976 இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்குக் கொழும்பு வெள்ளையடித்துக்கொண்டது. உலகத் தலைவர்களின் நடுவே சேலையில் அவர் தலைமை தாங்கி அமர்ந்திருந்த படத்தைப் பார்த்தபோது, கோபத்தை மீறி, எங்களையறியாமலே முதுகு நிமிர்ந்தது.

1977 இல் படுதோல்வி. 1980 இல் குடியுரிமைகள் பறிக்கப்பட்டன. 1986 இல் திரும்பக் கிடைத்தன. 1988 இல் சனாதிபதித் தேர்தலில் பிரேமதாசாவிடம் தோற்றார். 1994 இல், மகள் சந்திரிகா சனாதிபதியாக, தாய் மூன்றாந் தடவை பிரதமரானார். அதிகாரம் அப்போது மகளிடமே இருந்தது. 2000 ஓகஸ்டில் உடல்நலம் குன்றிப் பதவி விலகினார்.

அவ்வாண்டு ஒக்ரோபர் 10 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். அத்தனகல்லையில் வாக்களித்துவிட்டுக் கொழும்பு திரும்பும் வழியில், கடவத்தையில், மாரடைப்பால் இறந்தார். வாக்குச்சாவடியிலிருந்து விரலில் மையோடு வீடு திரும்பியிருந்த எங்களிற் பலர் அன்றே செய்தியைக் கேட்டோம். ஹொரகொல்லையில் கணவரின் சமாதியருகே அவரை அடக்கம் செய்தார்கள்.