உலகையே பள்ளியாகக் கொண்டவர்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. துரைசாமி என்பது அவருடைய இயற்பெயர். குழந்தைப் பருவத்திலேயே அன்னையை இழந்த அவருக்குப் பள்ளி கசந்தது. தொடக்கக் கல்வியோடு ஏட்டுப் படிப்பு நின்றுவிட்டது.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பக்கம் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடிய அவ்வண்டியைக் கண்டது முதல் துரைசாமிக்கு வேறு நினைவே இல்லை. கோவைக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அத்தகைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். அதை ஏறி ஓட்டியதோடு அவர் அமையவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிப் பார்த்து, மீண்டும் பூட்டினார். அவருடைய முதற் பாடநூல் அதுவே எனலாம்.

1920-இல் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியோடு பேருந்து ஒன்று வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். தொழில் வளர்ந்தது, செல்வமும் சேர்ந்தது.

செல்வம் வந்தபின் பலர் ஊரிலேயே ஓய்ந்துவிடுவர். நாயுடுவோ கடல் கடந்தார். 1930-களில் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்ற அவர், மாளிகைகளைவிடத் தொழிற்கூடங்களையே நாடினார். செருமனியில் கிடைத்த சிறு மின்பொறியைக் கொண்டு முகம் மழிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். மேலைநாட்டாரும் அதனை விரும்பி வாங்கினர். அந்நாளில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரத்தால் கோவையில் நூற்பாலைகள் பெருகின. ஆயினும் மின்பொறிகள் அயல்நாடுகளிலிருந்தே வரவேண்டியிருந்தன. 1937-இல் நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்பொறியைக் கோவையிலேயே செய்து காட்டினர்.

தாம் கண்டு கற்றதை இளைஞர்க்கு வழங்க வேண்டும் என்பதே அவருடைய பேரவா. செருமனியில் இளைஞர் பட்டறையில் உழைத்துக்கொண்டே பாடமும் பயில்வது நெடுநாள் வழக்கம். நம் நாட்டிலோ தொழிற்கல்வியும் பெரிதும் ஏட்டையே சார்ந்திருந்தது. நாயுடுவின் முயற்சியாலும் பொருளுதவியாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்லூரி தோன்றியது. 1945-இல் அதன் தலைமையையும் அவர் ஏற்றார். நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்றும், எஞ்சிய காலத்தை வீணாக்குவது இளைஞர்க்கு இழைக்கும் தீங்கு என்றும் அவர் வாதிட்டார். அரசினர் இணங்கவில்லை. தாம் அரும்பாடுபட்டு உருவாக்கிய கல்லூரியின் பதவியை அவரே துறந்தார். அவர் கேட்டது மிகையோ அன்றோ, அதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அக்கல்லூரியே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று.

1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் நாடுதோறும் தேடிச் சேர்த்த பொறிகளும் கருவிகளும் கோவை அவிநாசிச் சாலையிலுள்ள கண்காட்சிக் கூடத்தில் இன்றும் மாணவர் காண வைக்கப்பட்டுள்ளன.