பீத்தோவனின் ஈரலைத் தின்ற நோய் எது?

உலகப் புகழ் பெற்ற இசை மேதை பீத்தோவன். ஜெர்மனியில் உள்ள பான் நகரில் 1770–ம் ஆண்டு பிறந்தார். தந்தை அரண்மனைப் பாடகர், குடிகாரர்.

1792–ம் ஆண்டு பீத்தோவன் வியன்னா நகருக்குப் போனார். பியானோ வாசிப்பதில் பெரும் புகழ் பெற்றார்.

ஆனால், 30 வயது ஆகும் முன்பே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வயிற்றுவலியும் பேதியும் அடிக்கடி வாட்டின.

அனுப்பாத கடிதம்

1802–ம் ஆண்டு தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் இறந்த பிறகு தமது நோயைப் பற்றி டாக்டர் எழுதவேண்டும், உலகம் அதை அறியவேண்டும் என்று கேட்டிருந்தார். கடிதத்தை அவர் அனுப்பவில்லை. இறந்த பிறகே அது கிடைத்தது.

1821–ம் ஆண்டு மஞ்சள் காமாலை வந்தது. ஆனாலும் அவர் ஓயவில்லை. 1824–ம் ஆண்டு அவருடைய 9–வது சிம்பொனி அரங்கேறியது. சபையோர் கை தட்டினார்கள். அவருக்குக் கேட்கவில்லை! அவரைத் திருப்பி நிறுத்திக் காட்டினார்கள்.

கடைசி நாட்கள்

1826–ம் ஆண்டு டிசம்பர் மாதம், கடும் குளிரில், தம்பியின் ஊரிலிருந்து வியன்னா திரும்பினார். காய்ச்சல் கண்டது. மீண்டும் காமாலை வந்தது. வயிறு வீங்கி, நீர் கோத்துக்கொண்டது.

அது மயக்க மருந்து இல்லாத காலம். வயிற்றில் துளை போட்டு, 4 முறை நீரை வெளியேற்றினார்கள். நோய் தீரவில்லை. 1827–ம் ஆண்டு மார்ச் 26–ந் தேதி, 56–வது வயதில் பீத்தோவன் இறந்தார்.

மறுநாள் டாக்டர் வாக்னர் பிரேத பரிசோதனை செய்தார். கல்லீரல் பாதியாகச் சுருங்கி, தோல் போல் கெட்டியாகி இருந்தது. அதில் அவரை விதை அளவுக்கு முடிச்சுகள் காணப்பட்டன.

டாக்டர்களின் சந்தேகம்

மதுதான் காரணம் என்றார்கள் பலர். சார்காய்டோசிஸ் என்ற நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்து டாக்டர்கள் சிலர் கருதினார்கள். இந்த நோயில் நுரையீரல், கண், கல்லீரல் போன்ற உறுப்புகளில் நுண்ணிய கட்டிகள் உண்டாகும். சிலருக்குக் காது நரம்பையும் அது தாக்கும்.

இந்த நோயைக் கண்டறிய இன்று வழி உண்டு. ரத்தத்தைச் சோதிப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். ஊசி மூலம் ஈரலில் ஒரு சிறு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். காசநோயிலும் இதுபோன்ற கட்டிகள் உண்டாகும். ஆகவே, காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது மிக முக்கியம்.

தொல்லை கொடுக்காவிட்டால் மருந்து இல்லாமலே கண்காணிப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். ஈரல் அடியோடு கெட்டுவிட்டால், மாற்று ஈரல் பொருத்துவார்கள்.

முடி சொன்ன சேதி

பீத்தோவனின் தலைமுடியை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2023–ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஈரல் நோய் எளிதில் தாக்கும் உடல்வாகு அவருக்குப் பிறவியிலேயே இருந்தது. கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் பி கிருமியும் உடலில் இருந்தது. இவற்றோடு மதுவும் சேர்ந்து ஈரலைக் கெடுத்திருக்கலாம். சார்காய்டோசிஸ் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

காது ஏன் கெட்டது? அதை அந்த முடியும் சொல்லவில்லை. பீத்தோவன் கடிதத்தில் கேட்ட கேள்விக்கு, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பிறகு பாதி விடைதான் கிடைத்திருக்கிறது.