கேமரா முன் பெயின்ட் சொட்டிய ஜாக்சன் பொல்லாக்... ஷூட்டிங் முடிந்த அன்று மாலை நடந்தது என்ன?

ஜாக்சன் பொல்லாக் ஓவியத்தை முதல்முறை பார்க்கும் பலருக்கும், இதை நம்ம வீட்டுக் குட்டிப் பையனே கிறுக்கிடுவானே என்றுதான் தோன்றும். அவர் வரைவதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அப்படிப் பார்க்க வைத்த கேமராதான் அவருக்கு வினையானது என்பவர்களும் உண்டு.

1912-ல் அமெரிக்காவின் வயோமிங் மாகாணத்தில் பிறந்தவர் பொல்லாக். 1945-ல் ஓவியர் லீ க்ராஸ்னரைத் திருமணம் செய்தார். நியூயார்க்கை விட்டு லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் கிராமத்துக்குக் குடிபோனார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டகைதான் பொல்லாக்கின் ஸ்டுடியோ.

1947 வாக்கில் அங்கே அவர் ஆரம்பித்ததுதான் 'டிரிப்' முறை. கேன்வாஸைத் தரையில் விரித்துவிட்டு, வீட்டுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்டை குச்சியாலும் காய்ந்துபோன பிரஷ்ஷாலும் சொட்டவிடுவார், வீசுவார். நாலா பக்கமும் சுற்றி வருவார். பிரஷ் பெரும்பாலும் கேன்வாஸைத் தொடாது. கோலம் போடுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். விரல் தரையில் படாது, மாவுதான் விழும். கோட்டின் தடிமனை முடிவு செய்வது கையின் வேகம். பொல்லாக்கும் அப்படித்தான். அவர் கை போன வேகத்தை கேன்வாஸில் இன்றும் பார்க்கலாம்.

1950-ல் புகைப்படக் கலைஞர் ஹான்ஸ் நமுத் இதைப் படமாக்க வந்தார். முதலில் போட்டோ, பிறகு கலர் ஃபிலிம். கொட்டகைக்குள் வெளிச்சம் போதாததால் வெளியே ஷூட்டிங். கேன்வாஸுக்குப் பதில் கண்ணாடி. அதன் அடியில் கேமரா. கண்ணாடியில் முதலில் போட்டது சரிவரவில்லை என்று துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதும் படத்தில் இருக்கிறது. அப்புறமும் கிறுக்கல் என்று சொல்ல முடியுமா?

ஆனால் குளிரில், இன்னொருவர் சொல்லச் சொல்ல வரைவது அவருக்கு ஒத்துவரவில்லை. நவம்பர் கடைசியில் ஷூட்டிங் முடிந்தது. சுமார் இரண்டு ஆண்டுகள் மதுவைத் தொடாமல் இருந்தவர், அன்று வீட்டுக்குள் போனதும் குடித்தார். இரவு விருந்தில் நமுத்துடன் வாக்குவாதம் முற்றி, விருந்தினர்கள் முன்னாடியே சாப்பாட்டு மேஜையைக் கவிழ்த்தார்.

எல்லாவற்றுக்கும் கேமராவைக் குற்றம் சொல்வது அவசரம். குடிப்பழக்கம் இளவயதிலிருந்தே அவருடன் இருந்தது. ஆனால் அதன்பின் அவர் அதிலிருந்து மீளவே இல்லை. 1956 ஆகஸ்ட் 11-ம் தேதி, போதையில் ஓட்டிய கார் வீட்டுக்குப் பக்கத்திலேயே விபத்துக்குள்ளானது. பொல்லாக்கும், காரில் இருந்த ஓர் இளம்பெண்ணும் இறந்தனர். அவருக்கு வயது 44.

அந்தக் கொட்டகை இப்போது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. 1953-ல் பலகை போட்டு மூடப்பட்டிருந்த தரையைப் பின்னாளில் பிரித்தபோது, கேன்வாஸைத் தாண்டிச் சிதறிய பெயின்ட் அப்படியே இருந்தது. பார்க்க வருபவர்கள் ஷூவைக் கழற்றிவிட்டு, மெத்தென்ற செருப்பு போட்டுக்கொண்டு அதன் மேல் நடக்கிறார்கள்.