குறிஞ்சா இலையைச் சோதித்த கேணல்

1990 ஆனியில் சண்டை மறுபடி மூண்டபோது எங்கள் வாப்பாவுக்கு சீனி வருத்தம் தொடங்கி எட்டு வருடம். இன்சுலின் குப்பியைத் தண்ணீர்ப் பானைக்குள் வைத்துத்தான் உம்மா பாதுகாத்தார். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் பாதை இல்லை, ஊரடங்கு, மின்சாரமும் இல்லை. குப்பி முடிந்தது. வேறு வழியில்லாமல் வேலியில் படர்ந்த குறிஞ்சாவையும் கொவ்வையையும் ஆய்ந்து, தேங்காய்ப்பூப் போட்டு நாள்தோறும் சுண்டிக் கொடுத்தார் உம்மா.

பச்சைக் குறிஞ்சா இலையை மென்றவர்களுக்குத் தெரியும், அதன் பிறகு வாயில் போடும் சீனி மணல் மாதிரி இருக்கும். இனிப்பு தெரியாமல் போனதை வைத்தே உடம்பிலும் சீனி இறங்கிவிட்டது என்று வாப்பா நம்பினார். நாங்களும் நம்பினோம். அளந்து பார்க்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. அடுத்த வருடம் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பிற்பாடு, நான் விஞ்ஞான ஆசிரியரான பிறகு, பேராதனையில் ஒரு நூலகத்தில் பழைய தடித்த புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. இந்திய நாட்டு மருந்துகள் பற்றி 1933இல் வெளிவந்தது. எழுதியவர் ராம் நாத் சோப்ரா. குறிஞ்சாவையும் கொவ்வையையும் தேடிப் பக்கத்தைப் புரட்டினேன். இரண்டும் இருந்தன.

சோப்ரா 1882இல் பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில் பிறந்தவர். 1947இல் எல்லைக் கோடு விழுந்தபோது அந்த ஊர் பாகிஸ்தானுக்குள் போய்விட்டது. பிறந்த ஊர் இன்னொரு நாடாகிப்போவது என்னவென்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லாகூரில் படித்து, கேம்பிரிட்ஜுக்குப் போய், அங்கே டிக்சன் என்ற பேராசிரியரிடம் மருந்தியல் கற்றார். இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்து முதலாம் உலகப் போரில் கிழக்கு ஆபிரிக்காவில் பணியாற்றினார். கேணல் பட்டம் அந்தச் சேவையில் வந்ததுதான்.

1921இல் கல்கத்தாவில் வெப்பவலய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது அதன் முதல் மருந்தியல் பேராசிரியர் அவர். அதே வருடம்தான் கனடாவின் டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பலில் வரும் மருந்தை வாங்க ஏழைகளால் ஏலாது. வேலியில் வளர்வது வேலை செய்யுமா என்ற கேள்வி அவருக்கு வந்ததில் வியப்பில்லை.

முதலில் கொவ்வை. வங்காளத்தில் நீரிழிவுக்குப் பேர்போன மூலிகை அது. சோப்ராவும் ஜே. பி. போஸும் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் சீனியை அளந்தார்கள். குறையவில்லை. 1925இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். பிறகு குறிஞ்சா. அதன் இலையில் நாவின் இனிப்புச் சுவையை மறைக்கும் பொருளை 1887இலேயே ஊட்டியில் டேவிட் ஹூப்பர் பிரித்தெடுத்திருந்தார். நாக்கு சொல்வதை இரத்தமும் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி. 1928இல் சோப்ரா குழுவின் முடிவு வந்தது. இரத்தச் சீனி குறைந்ததாக அவர்கள் காணவில்லை.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வாப்பாவின் கால் போவதற்கு அறுபது வருடம் முன்பே ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 1930இல் பம்பாயில் மஸ்கரும் கையஸ் பாதிரியாரும் குறிஞ்சா விலங்குகளில் சீனியைக் குறைப்பதாகக் கண்டார்கள். நாங்கள் சுண்டல் தின்றுகொண்டிருந்த அதே 1990இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சண்முகசுந்தரம் குழுவினர் குளிசை எடுத்துவந்த 22 நோயாளிகளுக்குக் குறிஞ்சா இலைச் சாற்றை நாளுக்கு 400 மில்லிகிராம் கொடுத்த சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 18 முதல் 20 மாதம் கொடுத்திருந்தார்கள். ஐந்து பேர் குளிசையை விட முடிந்தது. கவனியுங்கள், மருந்தை நிறுத்திவிட்டுச் சாற்றைக் கொடுக்கவில்லை, மருந்தோடு சேர்த்துக் கொடுத்து, அளந்து, பிறகுதான் குறைத்தார்கள். கொவ்வைக்கும் இலங்கையில் ஒரு சோதனை நடந்தது. 61 சுகதேகிகளில் ஒரு பகுதியினருக்கு 20 கிராம் இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள், எங்கள் உம்மா கொடுத்த மாதிரியே. அவர்களுக்குச் சீனி ஏறுவது குறைந்ததாக 2011இல் வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்லர்.

அப்படியானால் சோப்ரா பிழைவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. எந்த இலை, எவ்வளவு, எப்படிப் பிழிந்தது, எத்தனை நாள் என்பதெல்லாம் மாறினால் விடையும் மாறும். நாட்டு மருந்தை இகழ்ந்தவரும் அல்லர் அவர். சர்ப்பகந்தி இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1933இல் ஆய்ந்து எழுதியவர்களில் ஒருவர். பலிக்கும் மூலிகைக்கும் பலிக்காததற்கும் ஒரே தராசைப் பிடித்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. கலப்பட மருந்துகளை விசாரிக்க 1930இல் அமைத்த குழுவுக்குத் தலைவரும் அவரே. அதன் பலனாக வந்ததுதான் இந்தியாவின் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம். 1941இல் சேர் பட்டம். கடைசிக் காலத்தைக் காஷ்மீரில் மூலிகை ஆய்வில் கழித்து 1973இல் காலமானார். பத்து வருடம் கழித்து இந்தியா அவருக்கு முத்திரை வெளியிட்டது.

எனக்கும் இப்போது சீனி வருத்தம். மனைவி வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சாச் சுண்டல் செய்வார், நானும் விரும்பிச் சாப்பிடுவேன். குளிசையோடு சேரும்போது சீனி அளவுக்கு மீறி இறங்கவும் கூடும் என்பதால் கிளினிக் டொக்டரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் விரலைக் குத்தி அளந்து, பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றில் திகதி போட்டு எழுதுகிறேன். கொப்பியின் முதல் பக்கத்தில் வாப்பாவின் பெயர் இருக்கிறது. அவருக்கு நேரே எழுத எண் எதுவும் என்னிடம் இல்லை.