பாலக்காடு மணி ஐயர்

பாலக்காடு இசையுலகுக்கு ஈந்த செல்வங்களுள் தலையாயவர் மிருதங்க வித்வான் மணி ஐயர் அவர்கள். 1912இல் தோன்றிய அவர், சாத்தபுரம் சுப்பய்யரிடம் பயின்று, இளமையிலேயே செம்பை வைத்தியநாத பாகவதருக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் புகழெய்தினார். பின்னர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் பயின்றார். பாட்டைத் தழுவி வாசிப்பதே அவரது நெறி. மிருதங்கத்தின் இயல்பான நாதத்தைப் போற்றி, ஒலிபெருக்கியையே விலக்கி நின்ற காலமும் உண்டு.

1965இல் எடின்பரோ விழாவுக்கு, கே. வி. நாராயணசுவாமி, லால்குடி ஜெயராமன் ஆகியோருடன் சென்றார். நம் மொழியும் தாளமும் அறியாத சபைக்கும் அந்நாதம் சென்றது. மறு ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது, முதன்முறையாக ஒரு மிருதங்க வித்வானுக்கு, அவருக்கே வாய்த்தது. 1981இல் மறைந்தார்.

ஊர்விட்டு வந்து வாழும் நாம், நம் குழந்தைகள் கலையை மறந்துவிடுவரோ என அஞ்சுகிறோம். அவர்களுக்கு எளிதாக்கித் தருவதினும், உள்ளவாறே கற்பித்தல் நன்று. அதற்கு அப்பெரியாரின் வாழ்வே சான்று.